தரைப்பலகைகள்

புவெர்த்தோ லெங்கா
9 ஆகஸ்ட் 1967

நிக்கானோர்,

உன் விலாசத்தை லாரிக்காரரிடம் இரண்டு வாரம் கெஞ்சி வாங்கினேன். "சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான், அக்கா" என்றார். என்னிடம்கூடவா சொல்லக் கூடாது? உன் அண்ணன் அன்செல்மோவுக்கு ஒன்பது நாள் ஜெபமாலை நடக்கும்போது ஆறாம் நாளே எழுந்து போனவன் நீ. எல்லையைத் தாண்டி, கொமொதோரோவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு. போகும்போது அயிதாவிடமும் நெல்டாவிடமும் ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா எங்கே என்று நெல்டா கேட்கும்போதெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஏழு வயது. நம்புகிறாள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும்.

போன வாரம், இந்தக் குளிர்காலத்திலும், நான்கு நாள் வெயில் அடித்தது. பனி இறுகி, குதிரை நடக்கிற மாதிரி ஆனது. காணாமல் போன கிடாரிகளைத் தேடிப் பெரியவர் பால்தொமேரோ மலைக்குப் போனார். வருடா வருடம் மே மாதம் நீங்கள் இருவரும் போய்த் தங்குவீர்களே, இந்த வருடமும் போனீர்களே, ஏரிக்கரையில் அந்த மரக் கொட்டகை, அதில் ஒதுங்கியிருக்கிறார். திரும்பி வந்ததும் நேராக என் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவே இல்லை. மாத்தே ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அம்மா, உன் புருஷனை ஆறு அடிச்சிட்டுப் போச்சுன்னுதானே நிக்கானோர் சொன்னான்?"

"ஆமா."

"கொட்டகையில பெஞ்சு இல்ல. கட்டில் இல்ல. தரைப்பலகை பாதிக்கு மேல இல்ல. எல்லாம் அடுப்புல எரிஞ்சிருக்கு. சாம்பல் இந்த உயரத்துக்குக் கெடக்கு. ஒரு நாள் நெருப்பு இல்ல அது. எட்டு நாள், பத்து நாள்."

பையிலிருந்து அன்செல்மோவின் இடது பூட்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். கணுக்காலிலிருந்து மேல்வரை கத்தியால் கிழிக்கப்பட்டிருக்கிறது. வீங்கிய காலிலிருந்து கழற்ற முடியாமல் கிழித்தது.

அந்த வாரம் நாங்கள் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். நீயும் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாய். அந்த நேரத்தில் அவர் அங்கே தரைப்பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாரா? இதை மட்டும் சொல். எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டில் நடக்கும்போது காலடியில் பலகையைத்தான் பார்க்கிறேன்.

கொட்டகையில் அவர் இல்லை. உடலும் இல்லை. அப்படியானால் எங்கே? அந்த மலையில் அவர் எந்தப் பக்கம் போவார், எங்கே ஒதுங்குவார் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

எர்மினியா


கொமொதோரோ
22 ஆகஸ்ட் 1967

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. சொல்லாமல் வந்தது தப்புதான். இங்கே காற்று நிற்பதே இல்லை. ஆறு பேர் ஒரு தகர அறையில் இருக்கிறோம். வேலை பரவாயில்லை.

கொட்டகை விஷயம். வேட்டைக்காரர்கள் வந்து தங்கி எரித்திருக்கலாம். எல்லையைத் தாண்டி ஆடு ஓட்டி வருகிறவர்களும் அங்கே தங்குவார்கள், அண்ணிக்குத் தெரியாதது இல்லை. பால்தொமேரோவுக்கு வயதாகிவிட்டது. பூட்ஸ், ஆற்றைக் கடக்கும் முன் அண்ணன் கழற்றி வைத்ததாக இருக்கலாம். சரியாக நினைவில்லை.

தயவுசெய்து யாரையும் மேலே அனுப்ப வேண்டாம். ஆகஸ்ட் பனியை நம்ப முடியாது. இதை மட்டும் கேளுங்கள்.

நானும் அவரையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நெல்டா பிறந்த நாலாம் நாள், நீங்கள் தூங்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாரே. ஊரே தேடியது. திரும்பி வந்ததும் நீங்கள் துடைப்பத்தை எடுத்தீர்கள். "காத்து எப்படி இருக்கும்னு பாக்கட்டும், எர்மி. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா இதுதான் உலகம்னு நெனச்சிடும்" என்றார். பிறகு அவளுக்கு நடக்க வருகிறவரை, மாவு மூட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, கால்களை வெளியே விட்டு, முதுகில் கட்டிக்கொண்டு காடெல்லாம் சுற்றினார். ரொட்டி சுட்டு முடித்த கையோடு, மாவு படிந்த சட்டையோடு. பந்தூரியாப் பறவைகள் தலைக்குமேல் போனால் இரண்டு பெண்களும் எண்ண வேண்டும். சரியாக எண்ணியவளுக்கு ரொட்டியின் முறுகல் ஓரம்.

அவர் இருந்த வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பெண்களுக்கு என் முத்தம்.

நிக்கானோர்


புவெர்த்தோ லெங்கா
3 செப்டம்பர் 1967

நிக்கானோர்,

வேட்டைக்காரர்கள் என்று எழுதியிருந்தாய். அதை நான் வாசிக்கும்போது அயிதா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். உன் கடிதத்தை ஒளித்து வைத்த இடத்திலிருந்து எடுத்து அவளே படித்தும் இருக்கிறாள். பால்தொமேரோ சொன்னதையும் கேட்டிருக்கிறாள். பதின்மூன்று வயதுப் பெண் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அப்பா உயிரோடிருக்கிறார், கால் முறிந்து எங்கோ கிடக்கிறார், பெரியவர்கள் யாரும் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பினாள். மாலை வரவில்லை. அடுப்பங்கரையில் ஆறு ரொட்டி குறைந்தது. அவருடைய பழைய கம்பளிச் சட்டையும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் பாலம்வரை ஓடினேன். அதற்கு மேல் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நான்கு ஆண்கள் பிடித்தார்கள், ஒருவர் கையைக் கடித்துவிட்டேன்.

இரண்டு இரவு. நான் அதை எழுதப் போவதில்லை.

ஞாயிறு மதியம் பால்தொமேரோ அவளைக் குதிரையில் தூக்கி வந்தார். கொட்டகைக்குப் பாதி வழியில், விழுந்த லெங்கா மரத்துக்கு அடியில் குழி தோண்டி உட்கார்ந்திருந்தாளாம். அது அவள் அப்பா கற்றுக்கொடுத்தது. "பனி வந்தா ஓடாதே, மரத்துக்கடியில நரி மாதிரி சுருண்டுக்கோ" என்று சொல்வார். அதனால்தான் பிழைத்தாள். ரொட்டியில் ஒன்றைத்தான் தின்றிருக்கிறாள். மற்ற ஐந்தும் பத்திரமாக இருந்தன. பால்தொமேரோவைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

வலது காலில் இரண்டு விரல்களை நேற்று எடுத்துவிட்டார்கள். மயக்க மருந்துக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி போகணும்னா செருப்புல எதாவது வச்சுக் கட்டிக்கலாம்ல, அம்மா?" என்றாள்.

மறுபடி போவாள், நிக்கானோர். என் பெண்ணை எனக்குத் தெரியும். நான் கதவைப் பூட்டி எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அவளிடம் அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. நீ சொன்ன ஆறு மட்டும்தான் இருந்தது. அதை நீயே "சரியாக நினைவில்லை" என்று எழுதி அழித்துவிட்டாய். கூடப் பிறந்த அண்ணன் ஆற்றில் போனது யாருக்காவது மறக்குமா?

உன்னை வளர்த்தவர் அவர். உங்கள் அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. அவர் சம்பந்தம் பேச வந்தபோதே என் அப்பாவிடம் சொன்னது என்ன தெரியுமா? "நாங்க ரெண்டு பேர் வருவோம்." நான் இரண்டு பேரைத்தான் கட்டிக்கொண்டேன். உன் சட்டையை நான் துவைத்திருக்கிறேன்.

உன் ஆறுதல் எனக்கு வேண்டாம். உண்மையை எழுது. அடுத்த லாரியில் வரவில்லை என்றால், நெல்டாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானே அங்கு வருவேன்.

எர்மினியா


கொமொதோரோ
15 செப்டம்பர் 1967

அண்ணி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அவர் ஆற்றில் போகவில்லை.

வியாழன் மேலே போனோம். வெள்ளி காலை ஏரிக்கு அந்தப் பக்கம் பாறைச் சரிவில் மான் ஒன்று குட்டியோடு நிற்பதைப் பார்த்தார். பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பும்போது நான் குறுக்கு வழியில் இறங்கலாம் என்றேன். "பாறையில ஐஸ் கட்டியிருக்கு, சுத்திப் போவோம்" என்றார். நான் சிரித்தேன். "ரொட்டிக்காரனுக்கு முட்டி ஆடுது" என்றேன். அவர் கேலிக்கு வீம்பு பிடிக்கிறவர் இல்லை. நான் அதற்குள் பாதி தூரம் இறங்கிவிட்டேன். என்னைத் தனியாக விடக் கூடாது என்றுதான் பின்னால் வந்தார். விழுந்தார். கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது. சத்தம் கேட்டது.

இருட்டுவதற்குள் முதுகில் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். காலையில் பனி கொட்ட ஆரம்பித்தது. ரொட்டி நிறைய இருந்தது. விறகை உள்ளே அடுக்கிவிட்டு, ஆட்களைக் கூட்டி வரக் கிளம்பினேன். வழி மறைந்துபோயிருந்தது. பாதை இரண்டாகப் போகும் பிரிவில் வலது பக்கம் இறங்குவதற்குப் பதில் முட்டுப் பள்ளத்தாக்குக்குள் போய்விட்டேன். ஊரில் எல்லாரும் குழந்தையிலிருந்தே போகாதே என்று சொல்லும் இடம். இரண்டு நாள் அதற்குள் சுற்றினேன். செவ்வாய்க்கிழமைதான் ஊர் கண்ணில் பட்டது.

இனிமேல்தான் எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது நீங்கள். வேலியருகே வந்து, "அவர் எங்கே?" என்றீர்கள். கொட்டகையில் இருக்கிறார் என்று சொன்னால் வழி காட்ட நான் திரும்ப ஏற வேண்டும். அதைத்தான் யோசித்தேன், அண்ணி. வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்த வெள்ளைக்குள் இன்னொரு முறை போக முடியாது என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. மூன்று நாள் ஆகிவிட்டது, இந்தக் குளிரில் இருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் "ஆறு" என்றது.

காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் கண் விழித்தபோது ஊரே ஆற்றங்கரையில் நின்றது. நீளக் கம்புகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஒரு கம்பை எடுத்துத் துழாவினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமானது. ஆறாம் நாள் ஜெபமாலையில் நெல்டா என் மடியில் வந்து படுத்தாள். அன்றைக்கே லாரி ஏறினேன்.

அவர் பத்து நாள் இருந்தார் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் இருந்திருப்பார், இரண்டு நாள் இருந்திருப்பார் என்றுதான் என்னைத் தேற்றி வைத்திருந்தேன். உங்கள் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, வேட்டைக்காரர்கள் என்று எழுதிய கை இதுதான். அயிதாவின் கால் விரல்கள் அந்தப் பொய்யால் போனவை.

போலீசிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். நான் மறுக்க மாட்டேன். அவர் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று கேட்டீர்கள். தவழ்ந்தாவது வீட்டுக்குத்தான் வந்திருப்பார். பிரிவிலிருந்து வலது பக்கம், பாலம் போகும் பாதையில் தேடுங்கள். வேறு எங்கே போவார்.

நிக்கானோர்


புவெர்த்தோ லெங்கா
28 அக்டோபர் 1967

நிக்கானோர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்து வாரம் பேனாவைத் தொடவில்லை. முதல் நாள் அதை அடுப்பில் போடப் போனேன். பிறகு ஒவ்வொரு நாளும் எடுத்துப் படித்தேன். உனக்குச் சாவு வர வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். அதையும் உனக்குத் தெரியப்படுத்துகிறேன். போலீசிடம் போகவில்லை. கருணை என்று நினைக்காதே. அவர்கள் வந்து கேள்வி கேட்டால், பதில் சொல்ல நான் நிற்க வேண்டுமே, அதற்குத் தெம்பில்லை.

பனி உருகியதும், இந்த மாதம் 17-ஆம் தேதி, பால்தொமேரோவோடும் அவர் மகன்கள் இருவரோடும் நான் மேலே போனேன். கொட்டகைக்குள் போனேன். அடுப்புக்கு ஒரு முழத்துக்குள் மட்டும் பலகை மிச்சம் இருந்தது. அவர் படுக்கிற அகலம்.

நீ சொன்ன பாதையில் இரண்டு நாள் தேடினோம். ஒவ்வொரு பாறைக்கும் அடியில் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பால்தொமேரோ பிரிவில் நின்று ரொம்ப நேரம் யோசித்தார். "எதிர்ப்பக்கம் பாப்போம்" என்றார்.

முட்டுப் பள்ளத்தாக்கில் கிடைத்தார். பிரிவிலிருந்து அரை மணி நடை. அந்தக் காலோடு அவருக்கு அது எத்தனை நாளோ. சரிந்த பாறையின் கீழே சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். காலுக்கு இரண்டு பக்கமும் தரைப்பலகை வைத்து, சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார். முதுகில் உன் கம்பளி, மூட்டையாகக் கட்டியது. அதற்குள் இரண்டு ரொட்டி, உன் மாற்றுக் காலுறை. கோட்டுப் பையில் உன் கையுறை ஒன்று. பிரிவில் நீ தவற விட்டது கிடைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் உள்ளே திரும்பியிருக்கிறார்.

எனக்குப் புரியவில்லை. பால்தொமேரோதான் சொன்னார். "தம்பி ஊர் போய்ச் சேர்ந்திருந்தா ஆள் வந்திருக்கும்னு யோசிச்சிருப்பான், அம்மா. பத்து நாளா யாரும் வரல. அப்போ தம்பி எங்கயோ விழுந்து கெடக்கான். அவ்வளவுதான் அவன் மனசுல ஓடியிருக்கும்."

நீ வந்து சேர்ந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பாய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நீ செத்துக்கொண்டிருப்பாய் என்று மட்டும்தான் தோன்றியிருக்கிறது. உன் பங்கு ரொட்டியைத் தின்னாமல் வைத்திருந்து, உன்னைத் தேடி வந்திருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து அவரைத் திட்டினேன், நிக்கானோர். உன்னை இல்லை, அவரை. பதினைந்து வருடம் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. எந்தக் காட்டிலிருந்தாலும், எந்த மழையிலும், கை கழுவிக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார். இடது பக்கம் திரும்பாமல் வலது பக்கம் திரும்பியிருந்தால் பாலம். பாலத்தில் ஆடு மேய்ப்பவர்கள். ஆனாலும் போனார். பால்தொமேரோவின் மகன்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். நான் தொண்டை கட்டும்வரை திட்டினேன். பிறகு அவர் தலைமுடியில் இருந்த பாசியை எடுத்துவிட்டேன்.

22-ஆம் தேதி அடக்கம் செய்தோம். பெண்கள் கல்லறைத் தோட்டத்தில் வேண்டாம் என்றார்கள், ஏரிக்கு மேலே இருக்கும் மேட்டில் வைத்தோம். பாதிரியார் முணுமுணுத்தார், ஆனால் வந்தார்.

அயிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தையே கையில் கொடுத்தேன். படித்தாள். அழவில்லை. ஒரு நாள் முழுக்க நொண்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். நேற்று வந்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"சித்தப்பா கெளம்பும்போது அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டு எழுது. அதுலயும் பொய் சொன்னா எனக்குத் தெரியும்னு எழுது."

எழுதிவிட்டேன். எனக்கு உன்னிடம் கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

எர்மினியா


கொமொதோரோ
9 நவம்பர் 1967

அண்ணி,

கடிதம் கையில் வந்தபோது கிணற்றடியில் இருந்தேன். படித்துவிட்டு அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். அடிபட்டுவிட்டது என்று நினைத்து மேஸ்திரி ஓடி வந்தார். என்ன என்று கேட்டார். "என்னைத் தேடி வந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். யார் என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை லாரியில் வருகிறேன். மன்னிப்புக் கேட்கவோ, அந்த வீட்டில் தங்கவோ வரவில்லை. பாலத்தில் இறங்கிக்கொள்கிறேன். மேட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வேலியருகே நிற்பேன். அயிதா என்ன செய்யச் சொல்கிறாளோ அதைச் செய்கிறேன். போலீசிடம் போ என்றால் போகிறேன். திரும்பிப் போ என்றால் போகிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் சரி.

அயிதா கேட்டதற்குப் பதில். முன் கடிதத்தில் இதை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தாங்க முடியாதவன் நான்தான்.

சனிக்கிழமை காலை கொட்டகை வாசலில் நான் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்த நிலையிலும் என் கழுத்துத் துணியைச் சரியாகச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு கிட்டே கூப்பிட்டார்.

"எர்மிகிட்ட கால் முறிஞ்சதுன்னு சொல்லாதே. சுளுக்குன்னு சொல்லு. முறிஞ்சதுன்னு தெரிஞ்சா யார் சொன்னாலும் கேக்க மாட்டா. பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு அவளே ஏறி வந்துடுவா. இந்தப் பனியில."

சரி என்றேன்.

நீங்கள் வந்திருப்பீர்கள், அண்ணி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேலியருகே வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லியிருந்தாலே போதும். நான் வழி காட்டத் தேவையே இருந்திருக்காது.

நான் வெளியே வந்து ஐம்பது அடி நடந்திருப்பேன். பனிக்குள் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"நிக்கோ, சுளுக்கு. மறந்துடாதே."

நிக்கானோர்